காத்துதானுங்க

புல்லைக் கிள்ளி மேலே விட்டுப் பார்ப்பதெல்லாம் புதுசாய் விளையாட வருகிறவர்களுக்கு, சென்னியப்பனுக்கு இடது காது போதும். காது மடலில் விழுகிற அறையை வைத்தே காற்று எத்தனை, எந்தப் பக்கம், இன்னும் எத்தனை நேரம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். முப்பத்தொரு வருசம் இந்த கோல்ஃப் மைதானத்தில் அடுத்தவர் பையைத் தோளில் மாட்டி நடந்து பழகிய காது அது. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து புறப்பட்டு வருகிற ஆடிக் காற்று இன்றைக்கு விடிந்ததிலிருந்து மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை, தென்னை அத்தனையும் தலையைக் கிழக்கே சாய்த்துக்கொண்டு நிற்கிறது, கொடிக்கம்பு வளைந்து வளைந்து நிமிர்கிறது. காலையில் வீட்டுக்காரி மயிலாத்தா வாசலில் தண்ணீர் தெளிக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள், நாசமாப் போற காத்து, கண்ணவிஞ்ச காத்து, ஒரு பொம்பளையோட கையத் தின்னது பத்தாதா உனக்கு, இன்னும் என்ன மிச்சம் வெச்சிருக்கேன்னு வர்றே என்று. ஆடி பிறந்தால் போதும், அவளுக்கும் காற்றுக்கும் சண்டை. அவள் திட்டத் திட்ட அவர் காப்பித் தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். சரி, அதை இப்போது நினைக்கக் கூடாது. இன்னும் பாதிக் குழிதான் பாக்கி. பதினெட்டில் பதினேழரை முடிந்தாயிற்று. இந்த நேரத்தில் காப்பித் தம்ளரை நினைத்தால் பந்து குளத்துக்குத்தான் போகும்.

திங்கட்கிழமை மெம்பர்கள் யாரும் வர மாட்டார்கள், புல் வெட்டுகிற நாள், அன்றைக்கு மைதானம் பை தூக்குகிறவர்களுக்கு. அதிலும் வருசத்துக்கு ஒரு திங்கள், ஆடியில், அவர்களுக்கென்று ஒரு கோப்பை. இத்தனை வருசமாய் ஜெயித்தவனுக்கு ஒரு எவர்சில்வர் குடமும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்து அனுப்பினார்கள், இந்த வருசம் கமிட்டிக்காரர்களுக்கு என்ன ஞானோதயமோ, ஜெயிக்கிறவனுக்கு நாற்காலி என்று சொல்லிவிட்டார்கள். முதல் குழி பக்கத்தில் தகரக் கொட்டகைக்குள் போட்டிருக்கிறதே, அந்த நாற்காலி. மைக்கில் பேரைக் கூப்பிட்டு, நேரம் பார்த்து, ஒவ்வொரு கோஷ்டியாய் விளையாட அனுப்புகிற வேலை. உட்கார்ந்துகொண்டே செய்யலாம்! அதுதான் சேதி. சென்னியப்பனின் வலது முட்டி தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறது, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இனிப் பாரம் தூக்கினா நடக்கவே முடியாமப் போயிரும்ங்க என்றார். பாரம் தூக்காமல் வேறு என்ன தெரியும் இந்த மனிதருக்கு. பை தூக்காதவனுக்கு இந்தக் கேட்டுக்குள் என்ன ஜோலி. அதனால் இன்றைக்கு ஜெயித்தே ஆக வேண்டும், அடுத்த ஆடி வரைக்கும் முட்டி காத்திருக்காது. அவரவர் பையை அவரவரே தூக்க வேண்டும் என்பது இந்தக் கோப்பையின் சட்டம். ஒரு நாளாவது ராஜா மாதிரி விளையாட, பையை வேறு யாராவது தூக்கக் கூடாதா என்று கேட்டால் சிரிப்பார்கள், பை தூக்குறவனுக்கே பை தூக்க ஆள் வேணுமாக்கும் என்று. ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்குள் சரளைக்கல் அரைபடுகிறது.

நல்லவேளை, இந்தப் பதினெட்டாம் குழிக்கு அடித்த இரண்டாவது அடி அப்படி வந்து விழுந்தது. எட்டாம் நம்பர் கம்பு எடுக்க வேண்டிய தூரம், அவர் ஐந்தாம் நம்பரை எடுத்தார். எடுத்ததும், கூட விளையாடுகிற காளிங்கன் சிரித்தான், ஏனுங் மாமா, கேரளாவுக்கே அனுப்பறாப்ல இருக்குதுங்களா என்று. சிரிக்கட்டும். பிடியைக் கீழே இறக்கி, பந்தை வலது கால் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு, முக்கால் கையை மட்டும் வீசி, மெல்ல. காற்றில் பலமாய் அடிக்கிறவனைப் போல முட்டாள் கிடையாது, பலமாய் அடித்தால் பந்து மேலே ஏறும், மேலே ஏறினால் அது காற்றின் சொத்து, அப்புறம் உனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். வழக்கமாய்ப் பை தூக்குகிற சிங்காரவேலு முதலாளிக்கு மட்டும் ஆயிரம் தடவை, சித்தெ மெதுவா அடிங்க சார், காத்துகிட்ட மல்லுக்கு நிக்காதீங்க, இக்கட்டால இருபதடி தள்ளிப் பாத்து அடிங்க, மிச்சத்த அதுவே கொண்டுபோயிரும். முதலாளி தலையை ஆட்டிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒரு சாத்து சாத்துவார், பந்து வானத்துக்குப் போய் யோசித்துவிட்டுப் பக்கத்துச் சோளக்காட்டில் இறங்கும். பார்த்தியா சென்னி, காத்து. ஆமாங்க சார், காத்துதானுங்க. அப்படிச் சொல்வதற்கும் சேர்த்துத்தானே கூலி. இன்றைக்கு அவருடைய பந்து இடுப்புயரத்துக்கு மேலே போகவில்லை, இடது பக்கமாய்ப் புறப்பட்டு, காற்று கையைப் பிடித்துக் கூட்டிவந்த மாதிரி வளைந்து, மூன்று தரம் குதித்து, ஓடி, கிரீனுக்கு ஒரு சாண் வெளியே நின்றது. ஒரே ஒரு சாண். உள்ளே போயிருக்கலாம் கழுதை. இருந்தாலும் அட்டகாசம், அவரே மனசுக்குள் சபாஷ் என்று சொல்லிக்கொண்டார்.

இப்போது பந்துக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. கிரீன் என்றால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிப் பாய் விரித்த மாதிரி வைத்திருக்கும் புல்தரை, அதன் விளிம்புக்கு வெளியே, கொஞ்சம் வளர்ந்த புல் மேல் பந்து உட்கார்ந்திருக்கிறது. நேர் எதிரே வடக்கே இருபத்தைந்து அடியில் குழி, தரை குழியைப் பார்க்க லேசாக மேடேறுகிறது. அப்பாலே கொட்டகையோரம் புல் பிடுங்குகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள், மயிலாத்தா விளக்குமாற்றை இடது கையில் பிடித்து நிற்கிறாள், வலது கை முந்தானைக்குள். முன்னே அவளும் புல் பிடுங்கியவள்தான், வேகமாய்ப் பிடுங்குவாள், இப்போது இரண்டு விரல் மடங்காததால் சருகு கூட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்கக் கூடாது அந்தப் பக்கம். காளிங்கன் பந்து குழிக்கு முழ தூரத்தில் கிடக்கிறது, முடிச்சுக்கட்டுங்களா மாமா, குறுக்க நிக்குது என்றான், முடி மாப்ள என்றார், தட்டினான், உள்ளே போயிற்று. மொத்தம் எண்பத்தொன்று அடி. இந்த விளையாட்டில் குறைய அடித்தவன் கெட்டிக்காரன். சென்னியப்பன் இதுவரை எழுபத்தெட்டு. இன்னும் இரண்டே தட்டு, ஒன்று குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோக, ஒன்று உள்ளே தள்ள. எண்பது. ஒன்றில் ஜெயம். இரண்டு தட்டுத் தட்டத் தெரியாதவனா அவர். காளிங்கன் பாவம், அவனுக்கு நாற்பத்தொன்றுதான் ஆகிறது, முட்டி இரண்டும் குதிரை முட்டி, அவனுக்கு எதற்கு இப்போது நாற்காலி. இரண்டு தட்டு. மயிலாத்தாவிடம் சாயங்காலம் சொல்லலாம், நாளையிலிருந்து நான் உட்கார்ந்து வேலை செய்யற ஆளு புள்ள என்று.

காற்று இப்போது முதுகில் அடிக்கிறது, குழியைப் பக்கவாட்டில் வைத்து நின்றால் அப்படித்தான், முதுகு மேற்கே, மூஞ்சி கிழக்கே. சட்டை வயிற்றுப் பக்கம் புடைத்துக்கொண்டு படபடவென்று அடித்துக்கொள்கிறது, ஆளையே பந்து மேல் தள்ளிவிடும் போலிருக்கிறது. காலை அகட்டு. குனி, இன்னும் குனி. காற்று வேகமாக இருக்கும்போது பட்டரை, பந்தை உருட்டுகிற அந்தக் கம்பை, பந்துக்குப் பின்னால் தரையில் ஊன்றக் கூடாது, ஒரு விரல் உயரத்தில் தூக்கியே பிடிக்க வேண்டும், பந்து அசைந்தால் உன் தலையில் விடியும். இதையும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் இப்போது ஊன்றிவிட்டார். முட்டி, வேறென்ன, குனிந்ததும் உள்ளே சுருக்கென்று ஊசி இறங்கியது, விழாமலிருக்கக் கையிலிருந்த கம்பு மேல் கொஞ்சம் பாரத்தைப் போட்டார், கம்பு முன்னே சறுக்கி இடித்தது, பந்து புரண்டது. ஒரு சாணும் நாலு விரற்கடையும். விளிம்பைத் தாண்டி கிரீனுக்குள் போய், சாதுவாய், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. கழுத்தைத் திருப்பிக் கொட்டகைப் பக்கம் பார்த்தார், பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். காளிங்கன் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு பறக்கப் பார்த்த தொப்பியை அமுக்கிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை. அட, பார்த்திருந்தாலும்தான் என்ன, இந்தக் காற்றில் பந்து புரளாமல் என்ன செய்யும். காற்று புரட்டினால் குற்றமில்லை, கிடக்கிற இடத்திலிருந்து அடிக்கலாம். ஆளின் கை பட்டுப் புரண்டால் பழைய இடத்தில் எடுத்து வைத்து, கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். கிரீனுக்குள்ளே இருந்திருந்தால் தெரியாமல் பட்டதற்கு மன்னிப்பு உண்டு, ஒரு சாண் வெளியே இருந்ததற்குக் கிடையாது. ஒரு சாணில் என்ன நியாயம் வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! காத்துதானுங்க. நாக்கு நுனியில் தயாராய் இருக்கிறது, முப்பத்தொரு வருசம் தேய்ந்து வழவழவென்று ஆன வார்த்தை, சிங்காரவேலு முதலாளி பந்தை ஷூவால் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பாரே, என்ன சென்னி காத்தா, காத்துதானுங்க சார், எத்தனை பேருக்கு எத்தனை காத்து, இந்த மைதானத்தில் பாதிக் காற்று சென்னியப்பன் வாயிலிருந்து வந்ததுதான். அடுத்தவருக்காகச் சொன்னதை ஒரு தடவை தனக்காகச் சொன்னால் குடி முழுகிவிடுமா. ஆனால் முதுகில் அடிக்கிற காற்று பந்தைக் கிழக்கேயல்லவா தள்ளியிருக்க வேண்டும். பந்து வடக்கே போயிருக்கிறது, குழியைப் பார்த்து, அதுவும் மேட்டில் ஏறி. பக்கத்திலிருந்து அடிக்கிற காற்று எந்தப் பந்தையடா மேட்டில் ஏற்றும். இது இந்தக் காதுக்குத் தெரியும், வேறு எவனுக்கும் தெரியாது, எவனும் கேட்கவும் மாட்டான்.

அன்றைக்கும் எவனும் கேட்கவில்லை. மூன்று வருசம் முந்தின ஆடி. அடுப்படிச் சாய்ப்பு ஒழுகுகிறது என்று சித்திரையில் ஒரு தகரத்தைக் கழற்றி மாற்றினார், கொக்கி ஆணி நாலு வாங்கி வந்து முடுக்க வேண்டும், நாளைக்கு, நாளைக்கு என்று ஆயிற்று, அதுவரைக்கும் இருக்கட்டும் என்று நாலு மூலையிலும் நாலு கல்லைத் தூக்கி வைத்தார். மாமா ஆணி அடிச்சாச்சுங்களா என்று மயிலாத்தா கேட்டாள், ஆச்சு ஆச்சு என்றார். அது ஒரு திங்கட்கிழமை, விளையாடப் போகிற அவசரம். காற்றை அளக்கத் தெரிந்த ஆள், கூரைக்கு மட்டும் கல் போதும் என்று விட்டுவிட்டார். ஆடி ஏழோ எட்டோ, அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது தகரம் கிளம்பியது, அது வந்த சத்தம்கூடக் கேட்கவில்லை என்றாள், கையைத் தூக்கித் தடுத்திருக்கிறாள், தடுக்காவிட்டால் கழுத்து. ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது அவளே எல்லோரிடமும் சொன்னாள், ஆடிக் காத்து பண்ணுன வேலைங்க, அவரு என்ன பண்ணுவாரு பாவம். பாவமாம்! மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவர் முதலில் துணியை எடுக்கவில்லை. வாசலில் ரத்தம் காயாமல் கிடக்கிறது, அதைத் தாண்டிப் போய் அந்த நாலு கல்லையும் தேடிப் பொறுக்கி வேலிக்கு அப்பால் வீசினார். அழுகைகூட அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கல் ஒவ்வொன்றும் எத்தனை கனம் என்று இன்றைக்கும் கை சொல்லும். யாராவது பார்த்தால் என்ன என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு வீசினாரே, இப்போது பார்த்தாரே கொட்டகைப் பக்கம், அதே பார்வைதான், கழுத்து அதே மாதிரி திரும்பியது. கேவலம். அவள் மூன்று வருசமாய் விடிந்தால் காற்றைத் திட்டுகிறாள், இவர் கேட்டுக்கொண்டே காப்பி குடிக்கிறார்.

நிமிர்ந்தார். முட்டி கடகடத்தது. மாப்ள, இங்க வா என்றார். காற்று வார்த்தையைப் பிய்த்துக்கொண்டு போனது, இன்னொரு தரம் கத்த வேண்டியிருந்தது. காளிங்கன் வந்தான். “என்ர பட்டரு பட்டிருச்சு. ஒண்ணு சேத்திக்க.” அவன் பந்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், சட்டைப்பையிலிருந்து, அவன் எழுத வேண்டிய இவருடைய கணக்கு அட்டையை எடுக்கக்கூட இல்லை. “அட நீங்க ஒண்ணுங் மாமா. காத்துதானுங்க. இந்தக் காத்துல நானே புரண்டுபோயிருவேன், பந்து புரளாதுங்களா? கம்முனு அடிங்க.” அவனுக்கும் வயிறு இருக்கிறது, அவன் பெண்டாட்டிக்கும் அந்த நாற்காலி மேல் கண் இருக்கும், இருந்தும் சொல்கிறான், மனசாரச் சொல்கிறான். எடுத்துக்கொள் என்று தட்டில் வைத்து நீட்டுகிறான், எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை, நஷ்டப்படுகிறவனே நீட்டுகிறான். கால் வலிக்கிறது. உட்கார வேண்டும் போலிருக்கிறது, ஐயோ, எவ்வளவு உட்கார வேண்டும் போலிருக்கிறது. “நீ பாக்கல மாப்ள. காத்து அக்கட்டால போவுது, பந்து மேட்டுல ஏறியிருக்குது. நான்தான். எழுது.” பந்தை எடுத்துப் பழைய இடத்தில், அந்தச் சாண் வெளியே, வைத்தார். எழுபத்தொன்பது. இப்போது ஒரே தட்டில் உள்ளே போனால் ஜெயம். இந்தத் தடவை கம்பை ஊன்றவில்லை, முட்டி என்னவோ சொன்னது, சொல்லட்டும். தட்டினார். பந்து காற்றுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மேடேறி, குழியின் உதட்டைத் தொட்டு எட்டிப் பார்த்துவிட்டு வெளியே நின்றது. கொட்டகைப் பக்கம் அடடா என்று பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது காற்றையும் மீறிக் கேட்டது. அடுத்த தட்டில் உள்ளே தள்ளினார். எண்பத்தொன்று, எண்பத்தொன்று. சமம். கமிட்டி செக்ரட்டரி குடையைப் பிடிக்க முடியாமல் மடக்கிக்கொண்டே, பத்து நிமிசம் கழிச்சு முதல் குழியில இன்னொரு தரம் ஆடுங்கப்பா, அதுல யார் குறைச்சலோ அவருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் குழி மேற்கே, காற்றுக்கு நேர் எதிரே, நானூறு கஜம்.

மயிலாத்தா தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். “என்னங்க, எதுக்கு அந்தத் தம்பிகிட்டப் பேசிட்டிருந்தீங்க? ரெண்டு தட்டுதான பாக்கின்னு இவளுக சொன்னாளுக?” என் கம்பு பட்டிருச்சு புள்ள, ஒண்ணு போச்சு என்றார். “காத்தா இருக்கும்ங்க, நாசமாப் போற காத்து, நம்ம குடியக் கெடுக்கறதுக்குன்னே...” என்று அவள் ஆரம்பித்தாள். போதும், இதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க முடியாது. “காத்த வையாத புள்ள” என்றார். “அந்தத் தகரத்துக்கு நான் ஆணி அடிக்கல. ஆச்சுன்னு சொன்னேன், அடிக்கல. கல்லுதான் வெச்சேன். நீ ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப அந்தக் கல்லையும் எடுத்து வீசிட்டேன்.” சொல்லியாயிற்று. பாட்டில் மூடியை அவளால் இடது கையால்தான் திறக்க முடியும், பாதி திறந்தபடி அப்படியே நின்றாள். காற்று அவள் முந்தானையை இழுத்தது, மடங்காத இரண்டு விரலும் வெளியே தெரிந்தன. அவர் அந்த விரல்களையே பார்த்தார், மூன்று வருசத்தில் முதல் தரம் நேராக. என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், விளக்குமாற்றால் அடித்தாலும் சரி. அவள் திரும்பி மேற்கே பார்த்தாள், கணவாய் இருக்கும் திசையில், வெகுநேரம், கண்ணில் தூசி விழுந்ததா வேறேதாவதா, துடைத்துக்கொண்டாள். “எத்தன வஞ்சிருப்பேன் அந்தக் காத்த” என்றாள். “மூணு வருசமா, பாவம், அது ஒண்ணுமே பண்ணலியே.” அப்புறம் அவரைப் பார்க்காமலே குனிந்து பையைத் தூக்கினாள். அவரவர் பையை அவரவரே தூக்கணும் மயிலாத்தா, அதுதான் சட்டம் என்று செக்ரட்டரி பக்கத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். “சட்டமாவது மண்ணாவது, என்ர புருசன் முட்டி எனக்குத் தெரியும்” என்று அவள் சொன்னாள், காளிங்கன் கையை ஆட்டி, தூக்கட்டும் தூக்கட்டும், எனக்குச் சம்மதம்ங்க என்று கத்தினான். பையைத் தோளில் மாட்டி, வலது கையின் மூன்று விரலால் வாரைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு எதிரே குனிந்து அவள் முன்னால் நடந்தாள். பத்தடி போய்த் திரும்பாமலே சொன்னாள். “வூட்டுக்கு வாங்க, இருக்குது உங்களுக்கு. இப்ப நடங்க.” சென்னியப்பன் நடந்தார்.